வீட்டுப் பக்கத்து இத்தாலிய உணவகம்: நல்லதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

மாலைநேரம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இரண்டு இத்தாலிய உணவகங்கள் இருக்கின்றன. இரண்டுமே சின்ன இடங்கள்தான். வேலை முடிந்து வந்து, உடை மாற்றக்கூட யோசிக்காமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரலாம். ஒன்றில் மெனு எட்டுப் பக்கம். பாஸ்தா, பீட்சா, பர்கர், இன்னும் என்னென்னவோ. இன்னொன்றில் ஒரே தாள், அதுவும் பாதி காலி.

அம்மாவும் அப்பாவும் இறைச்சி, மீன் தொட மாட்டார்கள். முட்டை பரவாயில்லை. பிள்ளைகள் சின்னவர்கள். எல்லோரும் அடிக்கடி சேர்ந்து உட்காருகிற இடமாக ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆசை. முதல் தடவை போகும்போது எதைக் கேட்டால் அந்தச் சமையலறையின் கைப்பக்குவம் தெரியும்? எதைப் பார்த்து "இனி இங்கேதான்" என்று முடிவு செய்வீர்கள்?

அடுப்படி எழுதியது:

இத்தாலியச் சமையலறையில் சில வருடம் பாஸ்தா அடுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு தாள் மெனு இருக்கிற இடத்துக்கு முதலில் போங்கள்.

சின்னச் சமையலறையில் முப்பது விதம் பாஸ்தா போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த சாஸ் எப்போது கேட்பார்கள் என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து டப்பாவில் அடைத்துக் குளிரில் வைத்திருப்பார்கள். பாஸ்தாவையும் முக்கால் வேக்காட்டில் எடுத்து எண்ணெய் புரட்டி வைத்திருப்பார்கள். ஆர்டர் வந்ததும் பாஸ்தாவைக் கொதிநீரில் ஒரு முக்கு, சாஸைச் சூடாக்கி மேலே ஒரு ஊற்று. இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாகத் தட்டில் கிடக்கும். ஏழெட்டு வகை மட்டும் போடுகிற இடத்தில் அதே ஆட்கள் அதே பாஸ்தாவைத் தினமும் பல தடவை செய்கிறார்கள். கை பழகிவிடும், பொருளும் தேங்காது.

முதல் தடவை நான் கேட்பது ஸ்பகெட்டி ஆலியோ எ ஓலியோ. பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், கொஞ்சம் பார்ஸ்லி. அவ்வளவுதான். மெனுவில் இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். அதற்கு வேண்டியதெல்லாம் எந்த இத்தாலிய அடுப்புக்குப் பக்கத்திலும் இருக்கும். மனசுள்ள இடத்தில் செய்து தருவார்கள். பிடிக்காவிட்டால் வெறும் தக்காளி சாஸில் ஒரு பாஸ்தா. இரண்டிலும் தப்பை மூடி மறைக்க எதுவும் இல்லை.

தட்டு வந்ததும் வாசனை பிடித்துவிட்டு, முள்கரண்டியால் பாஸ்தாவை ஒரு பக்கம் ஒதுக்கி, தட்டின் அடியைப் பாருங்கள். தண்ணீர் தனியாக, எண்ணெய் தனியாகத் தேங்கியிருந்தால் அவசரத்தில் செய்தது. நன்றாகச் செய்ததில் எண்ணெயும் பாஸ்தா வெந்த நீரும் சேர்ந்து லேசாகக் கலங்கிய, பளபளப்பான ஒரு பூச்சாக ஒவ்வொரு இழையிலும் பிடித்திருக்கும். வெந்த நீரில் இறங்கிய மாவுச்சத்துதான் எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் கட்டிப்போடுகிறது. அதற்காகத்தான் பாஸ்தாவை வேகும் முன்பே எடுத்து, கடைசி ஒன்றிரண்டு நிமிடத்தைச் சட்டியில் சாஸோடு முடிப்பது. பூண்டைப் பாருங்கள்: வெளிர் பொன்னிறம் சரி, பழுப்பு என்றால் கசக்கும்.

அப்புறம் உப்பு. 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியில் வழக்கமான கணக்கு. வெறும் பாஸ்தா இழை ஒன்றைத் தனியாக மென்றால் அதற்குள்ளேயே உப்பு இருக்க வேண்டும். மேலே தூவிய உப்பு நாக்கில் வேறு மாதிரித் தெரியும்.

நாலுபேர்மேசை எழுதியது:

அடுப்படி அண்ணா, ஒரு சந்தேகம். "அல் தெந்தே" (கடித்தால் லேசாக எதிர்க்கிற பதம்) என்று சொல்லிச் சில இடங்களில் வேகாத பாஸ்தாவைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கேட்டால் "இப்படித்தான் இருக்கும்" என்று நமக்கே பாடம் எடுக்கிறார்கள். அது சரியான பதமா, வேகாததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுப்படி எழுதியது:

நல்ல கேள்வி. ஒரு துண்டைக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெளிர்ந்த புள்ளி ஒன்று தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் சரியான பதம். அந்தப் புள்ளி வெள்ளை வெளேரென்று, மாவாக, பெரிதாக இருந்தால் வேகவில்லை. பல்லில் இன்னும் எளிதாகத் தெரியும். சரியான பதத்தில் பல் இறங்கும்போது ஒரு சின்ன எதிர்ப்பு, அப்புறம் சட்டென்று வழிவிடும். வேகாதது கடைவாயில் பச்சை மாவாக ஒட்டும். ஒட்டினால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

பாஸ்தா குழைந்து போவதற்கு மாவும் ஒரு காரணம். இத்தாலியில் 1967ஆம் வருடத்துச் சட்டப்படி அங்கே செய்து விற்கும் உலர்ந்த பாஸ்தா டூரம் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும். அந்தக் கோதுமையில் புரதம் அதிகம், அதனால் வெந்த பிறகும் உருக்குலையாது. சாதாரண மைதா கலந்த பாஸ்தாவை எத்தனை கவனமாக வேகவைத்தாலும் அந்தக் கடி வராது. இன்னொன்று, வெண்கல அச்சில் பிழிந்த பாஸ்தா மேல்புறம் சொரசொரவென்று, மாவு பூத்தாற்போல் வெளிறியிருக்கும். சாஸ் பிடிக்கும். டெஃப்லான் அச்சில் பிழிந்தது வழுவழுப்பாக, மஞ்சளாகப் பளபளக்கும். சாஸ் வழுக்கி விடும்.

துளசிவனம் எழுதியது:

மாலைநேரம், அம்மா அப்பா இறைச்சி சாப்பிட மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான், பல வருடமாக. இத்தாலிய உணவகத்தில் நமக்குச் சாப்பிட நிறைய இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பார்வைக்குத் தெரியாமல் உள்ளே போகிற சில பொருட்களை ஒரு தடவை தெரிந்து வைத்துக்கொண்டால் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

முதலில் சீஸ். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் பால், உப்பு, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட், இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. பாலை உறைய வைப்பதே அந்த ரென்னெட்தான். கிரானா படானோவிலும் கன்றின் ரென்னெட், பெகொரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியினுடையது. ஆகவே பெஸ்டோ எனும் பச்சிலைச் சாஸ், ரிசோட்டோ எனும் குழைவான அரிசி உணவு, மேலே துருவிப் போடும் சீஸ் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி வரும். சிலருக்கு இது ஒரு பொருட்டில்லை, சிலருக்குப் பெரிய விஷயம். உங்கள் பெற்றோரிடமே கேட்டுவிடுங்கள், அவர்களுக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள். நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த கடின சீஸும் கிடைக்கிறது. சில உணவகங்களில் அதுதான் இருக்கும்.

அடுத்தது சூப்பும் ரிசோட்டோவும். காய்கறி மினெஸ்ட்ரோனே என்று எழுதியிருக்கும், அடியில் கோழி ஸ்டாக், அதாவது கோழி வேகவைத்த சாறு, இருக்கும். காளான் ரிசோட்டோவும் அப்படியே. புட்டனெஸ்கா சாஸில் நெத்திலி உண்டு, கரைந்து போவதால் கண்ணுக்குத் தெரியாது. சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கிலும் உண்டு. பன்னா கோட்டா எனும் க்ரீம் இனிப்பு வழக்கமாக ஜெலட்டினில் உறைய வைப்பது, அதுவும் விலங்கிலிருந்து எடுப்பதுதான்.

சர்வரிடம் "இது சைவமா?" என்று மொத்தமாகக் கேட்டால் பெரும்பாலும் "ஆமாம்" என்றுதான் வரும், அவர் மனதில் இறைச்சித் துண்டு இல்லை என்பதுதான் இருக்கும். "இதற்கு ஊற்றும் ஸ்டாக் எதில் செய்தது?", "எந்த சீஸ், எந்த ரென்னெட்?" என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே போய் சமையல்காரரிடம் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்கிற சர்வர் இருந்தால் அந்த இடத்தை விடாதீர்கள். என்னைப் பொறுத்தவரை ஒரு உணவகத்தின் தரத்துக்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

சந்தேகமே வேண்டாம் என்றால் பீட்சா மரினாரா. தக்காளி, பூண்டு, ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய், சீஸே கிடையாது. அதில் தக்காளியின் ருசி அத்தனை துல்லியமாகத் தெரியும். ஆலியோ எ ஓலியோவும் சீஸ் இல்லாமலே முழுமையானது.

பழையதட்டு எழுதியது:

அடுப்படி சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் இந்த மாதிரி விவாதங்கள் கடைசியில் "அசல் இத்தாலியில் இப்படி இல்லை" என்பதில் போய் நிற்பதுதான் எனக்கு வருத்தம். அக்கம்பக்கத்து இத்தாலிய உணவகம் என்று நாம் சொல்வதற்குப் பெரும்பாலும் வேர் இத்தாலியில் மட்டும் இல்லை, இத்தாலியை விட்டுப் போனவர்களிடம் இருக்கிறது. 1880க்கும் 1924க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அதில் பெரும்பகுதி தெற்கிலிருந்து போன ஏழைகள். ஊரில் விசேஷ நாளில் மட்டும் பார்த்த இறைச்சி புது நாட்டில் கைக்கு எட்டியது. ஸ்பகெட்டியும் பெரிய இறைச்சி உருண்டைகளும் ஒரே தட்டில் வந்தது அப்படித்தான். கத்திரிக்காயில் செய்த பார்மிஜானா கோழியில் சிக்கன் பார்மெசான் ஆனதும் அப்படித்தான். கட்டம் போட்ட சிவப்பு வெள்ளை மேசைவிரிப்பு, நிறைய தக்காளி சாஸ், தட்டு நிறையப் பரிமாறுவது, எல்லாமே அந்த மக்களின் உழைப்பில் பிறந்த தனிச் சமையல். ரோமில் இல்லை என்பதால் அது குறைந்ததாகிவிடுமா?

கார்போனாரா எனும் முட்டை, சீஸ் பாஸ்தாவைப் பற்றி, "அதில் க்ரீம் போட்டால் பாவம்" என்று அடித்துப் பேசுகிறவர்களுக்கு ஒன்று. 1954இல் இத்தாலியப் பத்திரிகை ஒன்றில் வந்த கார்போனாரா செய்முறையில் பூண்டும் க்ரூயேர் சீஸும் இருந்தன. இன்று அசல் என்று நாம் கும்பிடுகிற வடிவம் அதற்கப்புறம் நிலைபெற்றதுதான். சமையல் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அக்கறையோடு செய்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

மழைச்சாரல் எழுதியது:

நான் வட இத்தாலியின் போலோன்யா நகரில் படித்தவள். பழையதட்டு சொல்வதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன், ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

போலோன்யாவில் ஸ்பகெட்டி போலோன்யேஸ் என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். அங்கே ராகு எனும் இறைச்சி சாஸ், தாலியாத்தெல்லே எனும் முட்டை சேர்த்த நாடாப் பாஸ்தாவோடு வரும். அந்த ஊர் வர்த்தக சபையில் 1972இல் தாலியாத்தெல்லேயின் அகலத்தைப் பதிவு செய்தார்கள்: வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். 1982இல் ராகு செய்முறையையும் பதிவு செய்தார்கள். அதிலேயே பால் உண்டு. தக்காளி குறைவு, இறைச்சிதான் பிரதானம். இதைக் கேட்டால் ஏதோ சட்டம் போலத் தோன்றும். ஆனால் நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டி அந்தப் பதிவைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் ராகு. அவர் கவலைப்பட்டதெல்லாம் அகலம் ஏன் என்பதைப் பற்றித்தான்: துண்டு துண்டான இறைச்சி சாஸ், அகலமான சொரசொரப்பான நாடாவில் ஏறி உட்காரும்; மெல்லிய ஸ்பகெட்டியில் உட்காராமல் தட்டின் அடியில் மிஞ்சும். விதி என்று நினைத்தால் எரிச்சல் வரும், காரணம் தெரிந்தால் வராது.

நான் மாறுபடும் இடம் க்ரீம். க்ரீம் பாவம் இல்லை. ஆனால் கார்போனாராவில் அது எதற்காக வருகிறது என்று பாருங்கள். முட்டை, பெகொரினோ, குவாஞ்சாலே எனும் பன்றிக் கன்னத்து இறைச்சி, மிளகு. இவ்வளவுதான். மஞ்சள் கரு சுமார் 65 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கும். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி, பாஸ்தாவின் சூட்டிலேயே முட்டையைப் பட்டாக இறுக்க வேண்டும். ஒரு கணம் சூடு கூடினால் முட்டைப் பொரியல். இந்த வேலைக்கு ஆள் நிற்க முடியாத சமையலறையில், திரியாமல் காப்பாற்றுவதற்காக க்ரீம் ஊற்றுவார்கள். அப்போது சாப்பிடுகிறவர் நாக்கில் மிளகும் பெகொரினோவின் உப்பும் மங்கிப் போகும். க்ரீம் சாஸ் வேண்டும் என்றால் காளானும் க்ரீமும் சேர்த்த பாஸ்தாவைக் கேளுங்கள், அது அதற்காகவே செய்தது. ஆல்ஃப்ரெதோ பாஸ்தாவும் ரோமில் பிறந்தபோது வெண்ணெயும் பார்மிஜானோவும் மட்டும்தான். க்ரீம் கடல் தாண்டிய பிறகு சேர்ந்தது. இரண்டுக்கும் தனித்தனி ருசி உண்டு. மெனுவில் எது என்று நேர்மையாக எழுதியிருந்தால் போதும்.

பழையதட்டு எழுதியது:

மழைச்சாரல், "மெனுவில் நேர்மை" என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். "கார்போனாரா, க்ரீமுடன்" என்று எழுதிவிட்டால் என் வாதமும் உங்கள் வாதமும் ஒன்றுதான்.

நாலுபேர்மேசை எழுதியது:

பீட்சா பற்றி யாரும் பேசவில்லையே. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதுதானே முதலில் வரும். நாங்கள் வழக்கமாகப் போகிற இடத்தில் நடுப்பகுதி ஈரமாக, துண்டைத் தூக்கினால் முனை தொங்குகிறது. இது சமையல் குறையா?

அடுப்படி எழுதியது:

நாபொலி (நேப்பிள்ஸ்) நகரத்து முறையில் செய்திருந்தால் குறை இல்லை. அங்கே விறகு அடுப்பின் சூடு 430இலிருந்து 480 டிகிரி வரை போகும், பீட்சா 60இலிருந்து 90 நொடிக்குள் வெளியே வந்துவிடும். விளிம்பு உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, நடுப்பகுதி மெத்தென்றும் ஈரமாகவும்தான் இருக்கும். முள்கரண்டி, கத்தியோடு சாப்பிடுவதோ மடித்துச் சாப்பிடுவதோ வழக்கம். இந்த முறையைக் கட்டிக்காக்க 1984இல் நாபொலியில் ஒரு சங்கமே தொடங்கினார்கள். 2017இல் யுனெஸ்கோ அந்த ஊர் பீட்சாக் கலைஞர்களின் கலையைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் அக்கம்பக்கத்து இடங்களில் பலவற்றில் இருப்பது மின் அடுப்போ எரிவாயு அடுப்போதான். சூடு குறைவு, நேரம் அதிகம், அதனால் பீட்சா காய்ந்து மொறுமொறுப்பாக வரும். அதுவும் நல்ல பீட்சாதான். அங்கே நடுவில் ஈரமாக இருந்தால்தான் கோளாறு: சாஸ் அதிகம், அல்லது ஈரமான மொஸரெல்லா சீஸை வடியவிடாமல் போட்டிருக்கிறார்கள். எந்த அடுப்பானாலும் துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். புலித்தோல் மாதிரிப் பழுப்புப் புள்ளிகள் பரவியிருந்தால் அடுப்பு நன்றாகக் காய்ந்திருந்தது என்று அர்த்தம். ஒரே வெளுப்பாக, சப்பாக இருந்தால் மாவு வேகவில்லை. விளிம்பைப் பிய்த்தால் உள்ளே பெரிதும் சிறிதுமாகக் காற்றுக் குழிகள் இருக்க வேண்டும். மாவை அவசரப்படுத்தாமல் புளிக்கவிட்டதன் அடையாளம் அது. 

பிள்ளைகளுக்குத் தக்காளியும் மொஸரெல்லாவும் போட்ட மார்கெரிட்டாவே போதும். மேலே ஆறு பொருள் குவித்தால் கீழே மாவு வேகாது.

மழைச்சாரல் எழுதியது:

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். இத்தாலியில் பாஸ்தா என்பது முதல் தட்டு. அதற்கு முன்னால் ஆன்டிபாஸ்டி எனும் சிறு தட்டுகள், அப்புறம் இறைச்சியோ மீனோ, பக்கத்தில் காய்கறி. அதனால் ஒரு ஆளுக்கு 80, 100 கிராம் பாஸ்தாதான். வெளிநாட்டு அக்கம்பக்கத்து உணவகங்களில் அதுவே முழுச் சாப்பாடு என்பதால் அளவு அதிகம். பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் ஆளுக்கொரு தட்டு கேட்டால் மிஞ்சும். நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளப் போகிறோம் என்று ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். காலித் தட்டுகளும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும்படியும் சமையலறையில் பார்த்துக்கொள்வார்கள்.

ரிசோட்டோ கேட்பதாக இருந்தால் காத்திருக்கத் தயாராக இருங்கள். வேகவைக்காத அரிசியிலிருந்து செய்தால் பதினாறு, பதினெட்டு நிமிடத்துக்குக் குறையாது. ஐந்து நிமிடத்தில் வந்தால் பாதி வேகவைத்துத் தட்டில் பரப்பி ஆறவைத்த அரிசி அது. பெரிய உணவகங்களிலும் அந்த உத்தி உண்டு, திறமையாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். தட்டை லேசாகச் சாய்த்தால் ரிசோட்டோ மெதுவாக அலை போல் நகர வேண்டும். மேடாக அப்படியே நின்றால் இறுகிப்போய்விட்டது.

துளசிவனம் எழுதியது:

எந்த நாளில் போகிறீர்கள் என்பதும் முக்கியம். சனிக்கிழமை ராத்திரி கூட்டத்தில் போய்விட்டு ஒரு சின்ன இடத்தை எடை போடாதீர்கள். வாரநாளில், கொஞ்சம் முன்நேரத்திலேயே போங்கள். பேச அவர்களுக்கு நேரம் இருக்கும்.

ஏதாவது சரியில்லை என்றால் அங்கேயே, அப்போதே, பக்குவமாகச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் எங்கள் அண்ணிக்கு வந்த பாஸ்தாவில் உப்பே இல்லை. அவர் ஒன்றும் பேசாமல் பாதி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நாலைந்து பேர் உயிரைக் கொடுத்து நடத்துகிற கடை. சொல்லியிருந்தால் வேறு தட்டு வந்திருக்கும், அடுத்த மேசைக்குப் போகிறதும் சரியாகியிருக்கும். சொன்ன பிறகும் முகம் சுளித்தால், அப்போது நட்சத்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

மாலைநேரம் எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. வாரநாளில் ஒரு தாள் மெனு இடத்துக்கே போகிறோம். அப்பாவிடம் ரென்னெட் பற்றிக் கேட்டேன், வேண்டாம் என்றார், அவருக்கு மரினாரா. கடைசியாக இரண்டு கேள்விகள். திராமிசு பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்து வந்தால் எது தாங்கும்?

மழைச்சாரல் எழுதியது:

திராமிசுவில் மஸ்கர்போனே சீஸ், முட்டை, சர்க்கரை, காபியில் நனைத்த சவொயார்தி பிஸ்கட், மேலே கோகோ. ட்ரெவிசோ ஊரின் லெ பெக்கெரியே உணவகத்தில் 1970 வாக்கில் வந்தது என்பார்கள். பக்கத்து ஃப்ரியூலி பகுதிக்காரர்கள் தங்களுடையது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். பல இடங்களில் முட்டை பச்சையாகவே சேரும், சிலர் மார்சாலா ஒயினும் ஊற்றுவார்கள். காபி வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மது இல்லாமல், முட்டையைச் சூடாக்கிச் செய்கிற இடங்களும் உண்டு. இல்லையென்றால் அவர்களுக்கு ஜெலாட்டோ. பெரியவர்கள் சாப்பிடும்போது கரண்டியால் அடிவரை வெட்டிப் பாருங்கள்: பிஸ்கட் முழுக்க ஊறியிருக்க வேண்டும், தட்டில் காபி வழியக் கூடாது.

அடுப்படி எழுதியது:

பார்சலுக்கு, பாஸ்தாத் தாள்களை சாஸோடு அடுக்கிச் சுட்ட லசான்யாதான் ராஜா. மறுநாள் அடுப்பில் மூடி போட்டுச் சூடாக்கினால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். தக்காளி சாஸ் பாஸ்தா பரவாயில்லை. ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துச் சட்டியில் புரட்டுங்கள். க்ரீம் சாஸ் திரிந்து எண்ணெய் விடும், கார்போனாராவைச் சூடாக்கினால் முட்டை இறுகிவிடும். இரண்டையும் அங்கேயே முடித்துவிடுங்கள். ரிசோட்டோ மிஞ்சினால் குளிரவைத்து, உருட்டி, நடுவில் மொஸரெல்லா வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரியுங்கள். பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள். பீட்சாவை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மாவு ரப்பராகும். கனமான தோசைக்கல்லோ வாணலியோ காய்ந்ததும் துண்டை வையுங்கள், அடி மொறுமொறுப்பானதும் ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் மூடி வையுங்கள். சீஸ் இளகிவிடும். மரினாராவுக்கு மூடியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.